கார் கழுவ பிரஷர் வாஷர் எதற்கு?

புதுக் கார் வந்த வீட்டுக்கு அடுத்து வந்து சேர்வது பிரஷர் வாஷர் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. காரணம் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். வாட்டர் வாஷ் கடைக்கு மாதாமாதம் காசு கொடுப்பதற்குப் பதில் ஒரு மெஷினை வாங்கிப் போட்டுவிடலாம். வேகமாகப் பீய்ச்சினால் தூசி, மண், சேறு எல்லாம் தானாகப் போய்விடும். துணி வைத்துத் தேய்த்தால்தானே கீறல் விழும், கை படாமல் கழுவினால் பெயின்ட் என்றும் புதிதாக இருக்கும். பக்கெட்டும் துணியும் வைத்துக் கழுவுவது விவரம் தெரியாதவர்கள் வேலை, மெஷின் வைத்துக் கழுவுவதுதான் காரை மதிப்பவர்கள் வேலை என்ற எண்ணமும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இந்த எண்ணத்தை நான் அடியோடு மறுக்கிறேன். வீட்டில் கார் கழுவுகிறவர் முதலில் பணம் போட வேண்டியது பெயின்டின் மேல் படுகிற பொருளில். அடுத்து, கழுவுகிற தண்ணீரைக் கடைசிவரை சுத்தமாக வைத்திருக்கும் ஏற்பாட்டில். இவை இரண்டும் முடிந்த பிறகுதான் பீய்ச்சும் மெஷினைப் பற்றிய பேச்சே எழ வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பேச்சு எழவே தேவையில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து மெஷினை வாங்கிவிட்டு, கடைசியில் கிழிந்த பனியனால் காரைத் துடைப்பவர் செலவைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்.

கீறல் எப்படி விழுகிறது?

முதலில் பெயின்டைத் தெரிந்துகொள்வோம். இன்றைய கார்களில் நிறம் மேற்பரப்பில் இல்லை. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். பளபளப்பு என்று நாம் பார்ப்பது இந்தக் கடைசிப் பூச்சைத்தான். அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். நாம் எழுதும் வெள்ளைத் தாளின் தடிமனே ஏறக்குறைய 100 மைக்ரான். ஒரு தாளில் பாதி கனத்தைத் தாண்டாத பூச்சுதான் வெயில், மழை, பறவை எச்சம், மரப்பிசின் அத்தனையையும் வண்டியின் ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டியிருக்கிறது.

நம் சாலைத் தூசியில் மணல் தாராளமாக இருக்கிறது. மணலின் முக்கியக் கனிமம் குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. கத்தி செய்கிற எஃகே அந்த அளவுகோலில் ஐந்தரையை ஒட்டித்தான் நிற்கிறது. அப்படிப்பட்ட துகள் துணிக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவில் மாட்டி இழுபட்டால் கோடு விழுந்தே தீரும். கீறலைப் போடுவது துணி இல்லை, துணி பிடித்து வைத்திருக்கும் மணல். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தப் பொருளை வாங்குவது, எதை ஒதுக்குவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்துவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங்கில் நிற்கும் ஏதாவது ஒரு கறுப்புக் காரின் பானட்டுக்கு நேராக செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக, கணக்கில்லாத மெல்லிய கோடுகள் தெரியும். டீட்டெய்லிங் கடைக்காரர்கள் ஸ்வர்ல் மார்க் என்று சொல்வது இதைத்தான். உண்மையில் அந்தக் கோடுகள் எல்லாத் திசையிலும் விழுந்தவை. விளக்குக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. நகத்தால் தடவினால் தட்டுப்படாது. பகலில் தூரத்திலிருந்து பார்த்தால் கார் மங்கியிருப்பதுபோல் மட்டும் தோன்றும். பாலிஷ் போட்டால் போய்விடும் என்பார்கள். போகும்தான். ஆனால் பாலிஷ் என்பது கோட்டின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பது. இருப்பதே 40, 50 மைக்ரான். எத்தனை முறை எடுக்க முடியும்?

பீய்ச்சினாலும் போகாத படலம்

மெஷின்காரர்களின் வலுவான வாதம் இங்கேதான் வரும். துணி படுவதற்கு முன்பே மணலைப் பீய்ச்சி எடுத்துவிட்டால் கீறலுக்கு இடமேது என்பார்கள். பெரிய துகள்களைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. முதலில் தண்ணீர் விட்டு மண்ணைக் கரைத்து இறக்காமல் காரில் கை வைக்கவே கூடாது. ஆனால் "கை படாமலே கார் சுத்தமாகிவிடும்" என்பது நடக்காத காரியம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு வாரம் நகரத்தில் ஓடிய காரை மெஷினால் நிதானமாக, ஓர் இடம் விடாமல் பீய்ச்சுங்கள். ஈரமாக இருக்கும்போது கார் பளிச்சென்று இருக்கும். அரை மணி நேரம் காய விடுங்கள். பிறகு சுத்தமான வெள்ளைத் துணியின் நுனியை நனைத்து, பின்கதவின் கீழ்ப்பகுதியில் லேசாக ஒரே ஓர் இழுப்பு இழுங்கள். துணியில் சாம்பல் நிறத்தில் கறை ஏறியிருக்கும். கதவில் துணி போன தடம் மட்டும் தனியாக மின்னும். மற்ற இடமெல்லாம் மங்கலாக, ஒரு மெல்லிய படலம் அப்படியே இருக்கும்.

பீய்ச்சும் தண்ணீர் ஏன் அந்தப் படலத்தை எடுப்பதில்லை? ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்ட்ல் 1904-ல் ஹைடல்பெர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில் படித்த கட்டுரையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. ஒரு பரப்பின் மேல் திரவமோ காற்றோ எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும், பரப்பை ஒட்டியுள்ள மிக மெல்லிய அடுக்கில் அதன் வேகம் குறைந்துகொண்டே வந்து, பரப்பைத் தொடும் இடத்தில் இல்லாமலே போகிறது. நாள் முழுக்கச் சுழலும் சீலிங் ஃபேன் இறக்கையில் தூசி படிந்தே இருக்கிறதே, அதற்கும் இதுதான் காரணம். அந்த மெல்லிய அடுக்கைவிடச் சிறிய துகள்கள் பாய்ச்சலின் கைக்கு எட்டாமல் தப்பிவிடுகின்றன. போதாததற்கு, நகரத்துக் கார்களில் படிவது வெறும் தூசி இல்லை. டீசல் புகைக்கரி, எண்ணெய்ப் பிசுக்கு, டயர் தேய்ந்த பொடி எல்லாம் கலந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பிசுபிசுப்பு அது. அதைப் பிரிக்க சோப்புக் கரைசல் வேண்டும், அதோடு மெதுவான ஒரு தேய்ப்பும் வேண்டும்.

ஆக, மெஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை பட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கையில் இருப்பது எது என்பதில்தான் பெயின்டின் தலையெழுத்து இருக்கிறது. மெஷின் வாங்கிய வீடுகளில் நடப்பதைக் கவனித்தால் வருத்தமாக இருக்கிறது. பணமெல்லாம் மெஷினுக்கே போய்விட்டதால், தேய்ப்பதற்கு ஏதோ ஒரு கிட்டில் இலவசமாக வந்த பஞ்சு, துடைப்பதற்குப் பழைய குளியல் துண்டு. கீறல் விழுகிற அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்த ஏற்பாடும் இல்லை.

நுரை என்கிற மயக்கம்

மெஷினோடு ஒட்டிக்கொண்டு வருவது நுரைத் துப்பாக்கி. கார் முழுக்கப் பாலாடை போல் வெள்ளை நுரை மூடி மெல்ல வழிந்து இறங்குவதைப் பார்க்க மனத்துக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் நுரையில் பெரும்பங்கு காற்று. அது செய்கிற வேலை ஒன்றே ஒன்று: செங்குத்தான கதவிலும் பம்பரிலும் சோப்புக் கரைசலைச் சில நிமிடம் வழிந்துவிடாமல் பிடித்துவைத்து, அழுக்கை ஊற விடுவது. ஊறினால் ஒரு பங்கு அழுக்கு தளரும். அதற்கு மேல் நுரையின் கனத்துக்கும் சுத்தத்துக்கும் தொடர்பு இல்லை.

அழுக்கை ஊற வைக்க மெஷின் தரும் 110 பார் அழுத்தம் தேவையில்லை. செடிக்கு மருந்தடிக்கும் இரண்டு லிட்டர் கைப்பம்ப் தெளிப்பான் போதும். ஷாம்பு கரைசலை அதில் ஊற்றி, நாலு தரம் பம்ப் அடித்து, கீழ்க் கதவுகளிலும் பம்பரிலும் சக்கர வளைவுகளிலும் தெளித்து ஐந்து நிமிடம் விட்டால் அதே ஊறல் கிடைக்கும். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: தெளிப்பான் புதிதாக இருக்க வேண்டும். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்ததைக் கழுவிவிட்டு எடுத்துவரக் கூடாது.

தண்ணீர் மிச்சமா?

மெஷினுக்காகச் சொல்லப்படும் இன்னொரு வாதம் தண்ணீர்ச் சிக்கனம். இதை நேர்மையாக ஆராய வேண்டும். வீட்டுக்கான சிறிய பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவில் தண்ணீர் எடுக்கிறது. திறந்துவிட்ட டியூபில் அதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ போகும். ஓடுகிற டியூபைத் தரையில் போட்டுவிட்டுச் சாவகாசமாகத் தேய்ப்பவரோடு ஒப்பிட்டால் மெஷின் சிக்கனம்தான்.

ஆனால் மெஷினைப் பக்கெட்டோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? முதல் அலசல், நுரை, மறு அலசல் என்று மெஷினின் விசையை இருபது நிமிடம் அழுத்தினால் 120 லிட்டர். இரண்டு பக்கெட்டில் தலா 12 லிட்டர், முன்னும் பின்னும் அலச தலா 10 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 44 லிட்டர். மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிற இந்த அளவிலேயே ஒரு நடுத்தரக் கார் முழுதாகச் சுத்தமாகும். வெறும் தூசி மட்டும் படிந்திருந்தால் இன்னும் குறைவு போதும். மறு அலசல் தேவைப்படாத கரைசல்கள் இப்போது கடையில் கிடைக்கின்றன. ஒரே பக்கெட்டில் பத்து லிட்டரில் கலந்து, நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த துணியால் துடைத்தால் வேலை முடிந்தது.

இந்தக் கணக்கு நமக்குச் சாதாரணமானது இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு சென்னை தவித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவுவதைத் தடை செய்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த தெருவில் 120 லிட்டரைப் பீய்ச்சிவிட்டு அதைச் சிக்கனம் என்று சொல்வது நியாயமாகாது.

நம் வீட்டுக்குப் பொருந்துகிறதா?

இந்த மெஷின்களுக்குத் தண்ணீர் போதுமான வேகத்தில் வந்து சேர வேண்டும். நம் வீடுகளில் தண்ணீர் வருவது மொட்டை மாடித் தொட்டியிலிருந்து. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம். ஒற்றை மாடி வீட்டின் கீழ்க் குழாயில் அதில் பாதிகூட வராது. தண்ணீர் வரத்து குறைந்தால் பம்ப் காற்றை இழுத்து இரைகிறது, சூடாகிறது, சீக்கிரம் கெடுகிறது. பக்கெட்டிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும் வகை என்று தேடி வாங்கினால் ஓரளவு சமாளிக்கலாம். எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்?

அடுத்தது மின்சாரம். ஈரத் தரை, வெறுங்கால், வீட்டுக்குள்ளிருந்து இழுத்துவந்த எக்ஸ்டென்ஷன் ஒயர், அதன் நடுவே தண்ணீர் சொட்டும் ஓர் இணைப்பு. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பு பிரேக்கர் இல்லாத வீட்டில் இது உயிரோடு விளையாடுவது. மெஷினோடு வரும் கையேடுகளே இந்தப் பிரேக்கரை வலியுறுத்துகின்றன. கையேடு பிரிக்கப்படாமலே பெட்டிக்குள் கிடக்கிறது.

மூன்றாவது, கிட்டத்தில் அடிக்கும் பழக்கம். கறை போகவில்லை என்றதும் நாம் முனையை நெருக்கிக்கொண்டே போகிறோம். கல் தெறித்துப் பொட்டு விழுந்த பெயின்ட் ஓரத்தில் நெருங்கி அடித்தால் பெயின்ட் உரிந்து வரும். மறுபடி பெயின்ட் அடித்த பம்பரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். டயருக்கும் முனைக்கும் நடுவே குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். பக்கச் சுவர் பலவீனப்பட்டால் பிறகு ஓடும்போது டயர் வெடிக்கலாம். கதவு ரப்பர், சென்சார், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், இன்ஜின் பகுதி ஒயரிங் இவற்றுக்கும் நெருக்கமான பீய்ச்சல் ஆகாது. பக்கெட்டும் கையும் வைத்துக் கழுவுகிறவருக்கு இவற்றில் ஒரு கவலையும் இல்லை.

அப்படியானால் எதை வாங்குவது?

முதலில் வாஷ் மிட். கையுறை போல் கையை நுழைத்துக்கொள்ளும், நீளமான மைக்ரோஃபைபர் இழைகள் தொங்கும் வகை. பஞ்சின் முகம் தட்டையாக இருக்கும். அதில் சிக்கிய மணல் பெயின்டுக்கும் பஞ்சுக்கும் நடுவிலேயே நின்று, நீங்கள் போகிற இடமெல்லாம் கோடு இழுத்துக்கொண்டு வரும். இழை நீண்ட மிட்டில் துகள் இழைகளுக்குள் ஏறிக்கொண்டு பெயின்டிலிருந்து விலகிவிடும், அலசும்போது வெளியேறும். மிட் இரண்டு வேண்டும். ரூஃப், பானட், கண்ணாடி, கதவின் மேல்பாதிக்கு ஒன்று. மண் அதிகம் படியும் கீழ்ப்பாதிக்கு இன்னொன்று. நிறம் வேறாக இருந்தால் மாறிப்போகாது. சக்கரத்துக்கு இவை இரண்டும் கூடாது. பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் படிந்த இடம் அது, அதற்குத் தனியாக ஒரு பிரஷ்ஷும் துணியும் இருக்கட்டும்.

அடுத்து, இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு கரைசல், மற்றொன்றில் வெறும் தண்ணீர். மிட்டைக் கரைசலில் நனைத்து ஒரு கதவைத் தேய்த்ததும், முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிப் பிழிந்துவிட்டு, அதன் பிறகுதான் மறுபடி கரைசலுக்குள் விட வேண்டும். காலியான 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆழமாக இருப்பதால் மண் அடியில் தங்கிவிடும். அடியிலிருந்து சற்று உயரத்தில் நிற்கும் வலைத்தட்டு ஒன்று வைத்தால், தங்கிய மண்ணை மிட் மீண்டும் கலக்காது. வேலை முடிந்ததும் அலசிய பக்கெட்டின் தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டு அடியைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி கறுப்பு மணல் கிடக்கும். ஒரே பக்கெட்டில் கழுவியிருந்தால் அந்த மணல் அத்தனையும் உங்கள் காரின் மேல் திரும்பத் திரும்பப் போய்வந்திருக்கும். பத்தாயிரம் ரூபாய் மெஷினால் செய்ய முடியாத வேலையை ஒரு காலி பெயின்ட் பக்கெட் செய்கிறது.

மூன்றாவது, கார் ஷாம்பு. அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை வகை. பாத்திரம் கழுவும் திரவம் ஒருமுறை பட்டால் பெயின்ட் அழிந்துவிடாது. ஆனால் அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது, வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். மிட் வழுக்கிச் செல்வதற்கான வழவழப்பும் அதில் குறைவு. துணி துவைக்கும் பவுடர் கூடவே கூடாது. அதன் காரம் அதிகம், கரையாத பொடியும் நிற்கும். ஷாம்புவை அளவாக ஊற்றினால் போதும். கூட ஊற்றினால் கூடுதல் சுத்தம் கிடைப்பதில்லை, அலச கூடுதல் தண்ணீர்தான் செலவாகும்.

நான்காவது, துடைக்கும் துண்டு. கழுவும்போது விழும் கீறலைவிடத் துடைக்கும்போது விழும் கீறல் பல வீடுகளில் அதிகம். ஈரத்தை உறிஞ்ச வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. கனமான மைக்ரோஃபைபர் துண்டு, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) 600-க்கு மேல் இருப்பது, பெரிய அளவில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பானட்டின் மேல் விரித்து, அப்படியே மெதுவாக இழுத்தாலே தண்ணீர் ஏறிவிடும். கண்ணாடிக்கு வைத்திருக்கும் ரப்பர் வைப்பரைப் பெயின்டில் போடாதீர்கள். ஒரே ஒரு மணல் ரப்பர் விளிம்பில் மாட்டினால் பானட் நீளத்துக்கும் கோடு இழுத்துவிடும். துண்டைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது, துணியை மென்மையாக்கும் திரவத்தில் முக்கக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது. தரையில் விழுந்த துண்டு, துவைக்கும்வரை பெயின்டுக்கு ஆகாது.

அலசுவதற்கு டியூப் இருந்தால், விட்டால் நின்றுவிடும் கைப்பிடி ஒன்று மாட்டுங்கள். டியூப் இல்லாத அடுக்குமாடியில் செடிக்கு ஊற்றும் பூவாளி போதும். மேலிருந்து கீழாக ஊற்றினால் தண்ணீர் ஒரே தகடாக இறங்கி சோப்பையும் மண்ணையும் சேர்த்துக் கொண்டுபோகும். இத்தனையையும் சேர்த்து வாங்கினாலும் மலிவான ஒரு பிரஷர் வாஷரின் விலைக்குள் அடங்கிவிடும்.

கருவி சரியாக இருந்தால் முறையும் எளிது. நிழலில் நிறுத்தி, பானட் சூடு ஆறிய பிறகு தொடங்குங்கள். சக்கரத்தை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு மேலிருந்து கீழாக, நேர்கோட்டில், அழுத்தாமல். மிட்டின் எடையே போதும்.

தண்ணீரையும் தேர்ந்தெடுக்க வேண்டும்

கருவி என்றதும் யாரும் தண்ணீரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தியத் தர அமைவனத்தின் குடிநீர்த் தரநிலையில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. நம் புறநகர்ப் போர் தண்ணீர் பலவற்றில் 500 என்பது வெகு எளிதாகத் தாண்டப்படும் எல்லை. அந்தத் தண்ணீர் காரின் மேல் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். வெயிலில் காய்ந்தால் இறுகும். எவ்வளவு அழுத்தத்தில் பீய்ச்சினாலும் உப்புத் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான்.

ஆர்ஓ கழிவுநீரை வீணாக்காமல் கார் கழுவப் பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை எங்கும் பரவியிருக்கிறது. நல்லெண்ணத்தில் சொல்லப்படுவது, ஆனால் பாதிதான் சரி. நல்ல தண்ணீரைப் பிரித்தபின் மிஞ்சுவதால் அந்தக் கழிவில் உப்பின் செறிவு குழாய்த் தண்ணீரைவிட அதிகம். சக்கரத்துக்கும் முதல் அலசலுக்கும் தாராளமாக விடுங்கள். கடைசி அலசலுக்கு விட்டால் புள்ளி விழும்.

கடைசி அலசலுக்கு ஏற்ற தண்ணீர் பலர் வீட்டிலேயே வீணாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர், காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியது. அதில் உப்பு அநேகமாக இல்லை. சென்னைப் புழுக்கத்தில் இரவெல்லாம் ஏசி ஓடினால் காலையில் பக்கெட்டில் பல லிட்டர் சேர்ந்திருக்கும். குடிக்க ஆகாது, கார் அலச இதைவிட நல்ல தண்ணீர் இல்லை. மழைநீரும் அப்படித்தான். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. முதல் மழையைக் கழித்துவிட்டுப் பிடித்த தண்ணீர், விலை கொடுத்து வாங்கும் எந்தத் திரவத்தையும்விடக் காருக்கு நல்லது.

பழைய துணிக்காரர்களுக்கும் ஒரு பதில்

மெஷினை மறுக்கிறேன் என்றதும், "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், அந்தக் காலத்தில் பழைய வேட்டித் துணியால் துடைக்கவில்லையா?" என்று சிலர் துணைக்கு வருவார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பருத்தித் துணியின் தையலும் விளிம்பும் பொத்தானும் கீறும், அதில் ஏறிய மணல் எளிதில் இறங்காது. எல்லாவற்றையும்விடக் கேடு, காய்ந்த தூசியின் மேல் காய்ந்த துணியைப் போட்டுத் தட்டுவது. தினமும் காலையில் காரைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டு, தினமும் மணலால் தேய்க்கிறோம். வாரம் ஒரு முறை முறையாகக் கழுவும் கார், தினமும் துடைக்கப்படும் காரைவிட நெடுநாள் பளபளப்பாக இருக்கும்.

அடுக்குமாடிகளில் விடியற்காலையில் ஒரே பக்கெட் தண்ணீரோடும் ஒரே துணியோடும் பத்துக் கார்களைத் துடைக்கும் ஆட்களைக் குறை சொல்பவர்கள் உண்டு. குறை அவர்களிடம் இல்லை. நாம் கொடுத்த கருவி அவ்வளவுதான். மாதச் சம்பளம் பேசும்போதே உங்கள் காருக்கென்று ஒரு மிட், இரண்டு பக்கெட், ஒரு துண்டு வாங்கிக் கொடுங்கள். தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் போதும், சம்பளம் அதேதான் என்று சொல்லுங்கள். அவருக்கும் நேரம் மிஞ்சும், காருக்கும் நல்லது.

மெஷின் எங்கே தேவை?

மெஷினுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. செம்மண் பாதையில் ஓடும் வண்டி, வயலுக்குப் போய்வரும் ஜீப், வெள்ளத்தில் சிக்கி அடிப்பகுதியெல்லாம் சேறு அப்பிய கார், கடற்கரையோரம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டியின் அடித்தகடு, சக்கர வளைவுக்குள் இறுகிய களிமண் இவற்றுக்கெல்லாம் கை எட்டாது, மெஷின்தான் வேண்டும். 1950-ல் ஐரோப்பாவின் முதல் சுடுநீர் உயர் அழுத்தக் கழுவியைச் செய்த ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம், வீட்டுக்குத் தூக்கிச் செல்லும் அளவில் ஒன்றைக் கொண்டுவந்தது 1984-ல்தான். பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் பிறந்த கருவி இது, கனத்த அழுக்கே அதற்கு ஏற்ற வேலை. தார்ச் சாலையில் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்து, கூரைக்குக் கீழே நிற்கும் காரில் அந்த அழுக்கு சேர்வதில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அடிப்பகுதிக்காக வாட்டர் வாஷ் விட்டால் அதற்குப் போதும். அப்போதும் மேல்பகுதியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏற்கெனவே மெஷின் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விசிறியாக அகலத் தெளிக்கும் முனையை மட்டும் மாட்டுங்கள். ஓர் அடிக்குக் குறையாத தூரத்தில் நில்லுங்கள். முதல் அலசலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதன் பிறகு மிட்டையும் இரண்டு பக்கெட்டையும் எடுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது: மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் நல்ல மிட் இரண்டும் கனமான துண்டு இரண்டும் வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் பெயின்ட் பக்கெட் இரண்டைக் கழுவி எடுத்துவையுங்கள். இரண்டு மாதம் அப்படிக் கழுவிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மெஷின் இல்லாமல் முடியாது என்று தோன்றினால் அப்போது வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு அந்தத் தேவை வராது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.